பன்னிரண்டு தொகுதிகள்: கியூபெக் மாகாணத்தில் மொழிச் சிறுபான்மையும் தேர்தல் எல்லையும் (1867–1970)

1. முன்னுரை

கனடாவின் கியூபெக் மாகாணச் சட்டமன்றத்தில் பிரோம் என்னும் தேர்தல் தொகுதி 1867 முதல் 1970-களின் தொடக்கம்வரை இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வெர்மாண்ட் மாநிலத்தை ஒட்டி, ஏரியும் குன்றும் மேய்ச்சல் நிலமும் கொண்டு அமைந்த சிறிய ஊர்ப்புறத் தொகுதி அது. 1972-இல் வகுக்கப்பட்ட புதிய வரைபடத்தில் தன் அண்டைத் தொகுதியாகிய மிசிஸ்குவாயுடன் சேர்ந்து பிரோம்-மிசிஸ்குவாய் என ஆயிற்று. தொகுதி மறுவரையறையின்போது பழம்பெயர்கள் மறைவதும் புதுப்பெயர்கள் தோன்றுவதும் மக்களாட்சி நாடுகள் அனைத்திலும் காணப்படும் நிகழ்ச்சியே. எனினும் பிரோம் அவ்வாறு எளிதில் மறையக்கூடிய தொகுதி அன்று. அதன் எல்லையையும் அதனைப் போன்ற வேறு பதினொரு தொகுதிகளின் எல்லைகளையும் கனடாவின் அடிப்படைச் சட்டமாகிய 1867-ஆம் ஆண்டுப் பிரித்தானிய வட அமெரிக்கச் சட்டம் தனிப்பிரிவு ஒன்றினால் காத்துவந்தது.

அப்பாதுகாப்பு ஆங்கிலம் பேசும் சிறுபான்மையினரின் பொருட்டு அமைந்தது. ஆயினும் அச்சட்டப்பிரிவில் ஆங்கிலம் என்ற சொல்லோ, மொழி என்ற சொல்லோ, சிறுபான்மை என்ற சொல்லோ இடம்பெறவில்லை. பன்னிரண்டு இடப்பெயர்களே உள்ளன. மொழிச் சமூகம் ஒன்றைச் சட்டம் எவ்வாறு அடையாளப்படுத்துகிறது, அவ்வடையாளம் காலப்போக்கில் என்ன ஆகிறது என்பவற்றை இப்பன்னிரண்டு தொகுதிகளின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலமும் குடியேற்றமும்

2.1. பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த கியூபெக், 1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையினால் பிரித்தானியர் ஆட்சிக்கு வந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் இரு கரைகளிலும் வாழ்ந்த மக்கள் பிரெஞ்சு மொழியினர்; கத்தோலிக்கர். அவர்களுடைய நிலங்கள் ‘செய்ஞோரி’ எனப்படும் பண்ணையுரிமை முறையில் அமைந்தவை. பண்ணைத் தலைவனிடமிருந்து குடியானவன் நிலம் பெற்று ஆண்டுதோறும் கடமை செலுத்துவது அம்முறையாகும். 1791-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டை மேல் கனடா, கீழ்க் கனடா என இரண்டாகப் பிரித்தது. மேல், கீழ் என்பவை ஆற்றின் போக்கைக் கொண்டு இட்ட பெயர்கள். கடலை நோக்கிய கீழ்ப்பகுதியே இன்றைய கியூபெக்கின் தென்பகுதி.

2.2. பண்ணை நிலங்களுக்கும் அமெரிக்க எல்லைக்கும் இடைப்பட்டுக் காடாகக் கிடந்த நிலப்பரப்பு 1792 முதல் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. இங்கே பண்ணையுரிமை முறை புகுத்தப்படவில்லை. ‘டவுன்ஷிப்’ எனப்படும் நாற்கரக் கட்டங்களாக நிலம் அளக்கப்பட்டு, ஆங்கிலேய முறைப்படி முழுவுரிமையுடன் வழங்கப்பட்டது. முதலில் வந்தோருள் பெரும்பான்மையோர் நியூ இங்கிலாந்துப் பகுதியினரான அமெரிக்கர். பின்னர் ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தியர், அயர்லாந்தியர் ஆகியோர் வந்தனர். 1834-இல் உரிமைப்பட்டயம் பெற்ற பிரித்தானிய அமெரிக்க நிலக் குழுமம் இப்பகுதியில் பெருமளவு நிலத்தை விலைக்கு வாங்கிக் குடியேற்றத்தை நடத்தியது. ‘கிழக்கு டவுன்ஷிப்புகள்’ என இப்பகுதி வழங்கலாயிற்று.

ஆகவே நிலவுரிமை முறையின் எல்லையும் மொழியின் எல்லையும் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. பண்ணை நிலம் பிரெஞ்சு நிலம். டவுன்ஷிப் நிலம் ஆங்கில நிலம் என்ற எண்ணம் இதனால் வேரூன்றியது. பின்னாளில் மொழிப் பாதுகாப்பை நிலத்தின்மீது கட்டியதற்கு இந்த எண்ணமே அடிப்படை எனலாம்.

2.3. தேர்தல் தொகுதிகளின் பெயர்களிலும் இப்பிரிவினை பதிந்தது. 1792-இல் கீழ்க் கனடாவின் முதற்சட்டமன்றத்துக்கு 27 தொகுதிகளிலிருந்து 50 உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பிரெஞ்சு மக்கள் வாழ்ந்த தொகுதிகளுக்குக்கூட அப்போது டெவன், கென்ட், சர்ரி என இங்கிலாந்தின் கவுண்டிப் பெயர்களே இடப்பட்டன. 1829-ஆம் ஆண்டு மறுவரையறை இதனை மாற்றியது. டெவன் இருந்த இடத்தில் லிஸ்லே என்ற பெயரும், கென்ட் இருந்த இடத்தில் ஷாம்ப்ளி என்ற பெயரும், சர்ரி இருந்த இடத்தில் வெர்ஷேர் என்ற பெயரும் வந்தன. அதே சட்டம் டவுன்ஷிப் பகுதிக்கு ஸ்டான்ஸ்டெட், ஷெஃபோர்டு, ஷெர்புரூக், மிசிஸ்குவாய், மெகாண்டிக் முதலிய புதிய தொகுதிகளை அளித்தது. ஆற்றங்கரைத் தொகுதிகள் பல பிரெஞ்சுப் பெயர் பெற்ற அதே நேரத்தில் எல்லைப்புறத் தொகுதிகள் தனி உருப்பெற்றமை கருதத்தக்கது.

3. எண்பதாம் பிரிவின் தோற்றம்

3.1. மேல் கனடாவும் கீழ்க் கனடாவும் 1840-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டன. ஒருங்கிணைந்த அவையில் இரு பகுதிகளுக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர் இருந்தனர். 1853-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் பகுதிக்கு 65 பேர் என்பது கணக்கு. கீழ்க் கனடாவின் ஆங்கிலச் சிறுபான்மையினர்க்கு இவ்வமைப்பில் அச்சம் இல்லை. மேல் கனடாவின் ஆங்கில உறுப்பினர் அவையில் உடன் இருந்தனர். 1864-இல் கூட்டாட்சித் திட்டம் உருவானபோது நிலைமை மாறியது. கியூபெக் தனி மாகாணமானால் அதன் சட்டமன்றத்தில் பிரெஞ்சு மொழியினர் நிலையான பெரும்பான்மையினர் ஆவர். 1861-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கீழ்க் கனடாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 11 இலட்சம். அவர்களுள் பிரெஞ்சு வழியினர் அல்லாதோர் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவு.

1864-ஆம் ஆண்டுக் கியூபெக் மாநாட்டின் தீர்மானங்கள் தொகுதி எல்லைகளை விரும்பியவாறு மாற்றும் உரிமையை அந்தந்த மாகாணச் சட்டமன்றத்துக்கே விட்டுவிட்டன. டவுன்ஷிப் தொகுதிகளின் கோடுகளைச் சிறிது நகர்த்தினால் ஆங்கில உறுப்பினரின் எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம் என்பது சிறுபான்மையினரின் கவலையாக இருந்தது.

3.2. இக்கவலைக்குக் குரல் கொடுத்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் ஷெர்புரூக் தொகுதியின் உறுப்பினரும் நிதியமைச்சருமான அலெக்சாண்டர் கால்ட். 1844 முதல் நிலக் குழுமத்தின் ஆணையராகப் பணிபுரிந்து டவுன்ஷிப் பகுதியை நன்கு அறிந்தவர் அவர். கூட்டாட்சியை ஆதரித்த அவர் 1864 நவம்பர் 23 அன்று ஷெர்புரூக்கில் நீண்ட உரையாற்றித் திட்டத்தை விளக்கினார். 1866-இல் கீழ்க் கனடாவின் புரோட்டஸ்டண்டுப் பள்ளிகளுக்கான சட்ட முன்வடிவு கைவிடப்பட்டபோது அமைச்சர் பதவியைத் துறந்தார். மற்றவர் பிரோம் தொகுதியின் உறுப்பினர் கிறிஸ்டபர் டங்கின். 1865 பிப்ரவரி இறுதியில் கூட்டாட்சித் திட்டத்தை எதிர்த்து அவர் ஆற்றிய உரை அவ்விவாதத்தின் மிக நீண்ட உரைகளுள் ஒன்று. ஆதரித்தவரும் எதிர்த்தவரும் ஆகிய இவ்விருவரின் தொகுதிகளும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இடம்பெற்றன.

3.3. 1867 மார்ச் 29 அன்று அரசியின் இசைவு பெற்று, அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 80-ஆம் பிரிவு கியூபெக் சட்டமன்றத்துக்கு 65 தொகுதிகளை அளித்தது. அவற்றின் எல்லைகளை மாற்றும் உரிமையையும் சட்டமன்றத்துக்கே கொடுத்து, ஒரு விலக்கையும் விதித்தது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் கண்ட பன்னிரண்டு தொகுதிகளுள் எதன் எல்லையையும் மாற்றும் முன்வடிவு, அப்பன்னிரண்டின் உறுப்பினருள் பெரும்பான்மையோரின் உடன்பாட்டுடன் இரண்டாம், மூன்றாம் வாசிப்புகளில் நிறைவேறியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிறைவேறிற்று என்பதைச் சட்டமன்றம் துணைநிலை ஆளுநர்க்கு முறைப்படி எழுத்தில் தெரிவித்தாலன்றி அவர் இசைவளித்தல் ஆகாது.

அட்டவணையில் கண்ட பெயர்கள் வருமாறு: பாண்டியாக், ஒட்டாவா, அர்ழான்தோய், ஹண்டிங்டன், மிசிஸ்குவாய், பிரோம், ஷெஃபோர்டு, ஸ்டான்ஸ்டெட், காம்ப்டன், உல்ஃப்-ரிச்மண்ட், மெகாண்டிக் ஆகிய கவுண்டிகள், ஷெர்புரூக் நகர். முதல் மூன்றும் ஒட்டாவா ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தவை. ஹண்டிங்டன் மாண்ட்ரியலுக்குத் தென்மேற்கே உள்ளது. ஏனையவை கிழக்கு டவுன்ஷிப்புகளையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் சேர்ந்தவை.

3.4. இப்பாதுகாப்புக்கு அன்றைய அரசியலில் இருந்த வலிமையைப் பிரோமின் நிகழ்ச்சி ஒன்று காட்டும். 1867-இல் மாகாணத்தின் முதல் அமைச்சரவையை அமைக்கும்படி ஜோசப் கோஷோன் என்பவரை முதலில் அழைத்தனர். புரோட்டஸ்டண்டுப் பள்ளிகளைப் பற்றிய உறுதி கிடைக்காததால் டங்கின் அவருடன் சேர மறுத்தார். ஆங்கிலச் சிறுபான்மையினரின் பிரதிநிதி இன்றி அமைச்சரவை அமைக்க இயலாது என்ற நிலையில் கோஷோன் விலகினார். ஷோவோ முதல் முதலமைச்சர் ஆனார். டங்கின் அவருடைய அமைச்சரவையில் கருவூல அமைச்சர் பொறுப்பை ஏற்றார். அப்பொறுப்பை ஆங்கில மொழியினர்க்கு அளிக்கும் வழக்கம் அதன்பின் நெடுங்காலம் தொடர்ந்தது.

4. ஒரே சமூகத்துக்கு மூன்று அடையாளங்கள்

கியூபெக்கின் ஆங்கிலச் சிறுபான்மையினரை 1867-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று இடங்களில் மூன்று வகையாக அடையாளம் கண்டது. 93-ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. அங்கே அவர்கள் புரோட்டஸ்டண்டுச் சமயத்தினர். 80-ஆம் பிரிவு பிரதிநிதித்துவத்தைப் பற்றியது. அங்கே அவர்கள் பன்னிரண்டு நிலப்பகுதிகளில் வாழ்வோர். 133-ஆம் பிரிவில் மட்டுமே மொழி மொழியாகப் பெயர் சொல்லப்பட்டது. கனடா நாடாளுமன்றத்திலும் கியூபெக் சட்டமன்றத்திலும் ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசலாம். பதிவேடுகளும் சட்டங்களும் இரு மொழியிலும் இருத்தல் வேண்டும். அந்நாட்டு நீதிமன்றங்களிலும் கியூபெக் நீதிமன்றங்களிலும் இரண்டில் எதனையும் கையாளலாம் என்பது அப்பிரிவின் சாரம்.

மூன்று அடையாளங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அயர்லாந்துக் கத்தோலிக்கர் மொழியால் ஆங்கிலத்தவர்; சமயத்தால் புரோட்டஸ்டண்டுப் பாதுகாப்புக்கு வெளியே நின்றனர். மாண்ட்ரியல் நகர மக்களுள் அக்காலத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆங்கிலம் பேசினர். எனினும் அந்நகரின் தொகுதி எதுவும் பன்னிரண்டில் இல்லை. மறுபுறம், காம்ப்டன், மெகாண்டிக் பகுதிகளில் 1838 முதல் குடியேறிய ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவினர் வீட்டிலும் கோயிலிலும் பேசியது கேலிக் மொழி. ஸ்டோர்னோவே, ஸ்காட்ஸ்டவுன் என்னும் ஊர்ப்பெயர்கள் அவர்களை இன்றும் நினைவூட்டுகின்றன. அவர்கள் தேர்தல் கணக்கில் ‘ஆங்கிலத் தொகுதி’யின் மக்களாயினர். இப்பகுதியில் தொன்றுதொட்டு வாழ்ந்த அபெனாக்கி மக்களின் மொழிக்கோ எந்தப் பிரிவிலும் இடமில்லை.

அன்றைய சட்டமியற்றியோர் இவ்வாறு நிலத்தையும் சமயத்தையும் நாடியதற்குப் புள்ளிவிவரச் சூழலும் ஒரு காரணமாகலாம். கனடாவின் கணக்கெடுப்பில் தாய்மொழி பற்றிய வினா முதன்முதலாக இடம்பெற்றது 1901-இல்தான். 1861-இல் பிறப்பிடம், வழி, சமயம் ஆகியவையே கணக்கிடப்பட்டன. எண்ணப்படாத ஒன்றைச் சட்டத்தில் அளந்து எழுதுதல் எளிதன்று. எனவே அளக்கக்கூடிய நிலம் மொழிக்கு மாற்றாக நின்றது.

5. நின்ற எல்லையும் நகர்ந்த மொழியும்

5.1. அட்டவணை எழுதப்பட்ட காலத்திலேயே மாற்றம் தொடங்கிவிட்டது. பழைய பண்ணை நிலங்களில் மக்கள் பெருகி நிலம் போதாமையால் பிரெஞ்சுக் குடியானவர்கள் டவுன்ஷிப் பகுதிக்கு நகர்ந்தனர். மாண்ட்ரியலையும் அமெரிக்கக் கடற்கரையின் போர்ட்லாந்து நகரையும் ஷெர்புரூக் வழியாக இணைத்த இருப்புப்பாதை 1853-இல் நிறைவுற்றது. ஷெர்புரூக்கில் 1866-இல் தோன்றிய கம்பளி ஆலையும் 1880-களில் மெகாகில் எழுந்த பருத்தித் துணி ஆலையும் தொழிலாளரை ஈர்த்தன. அதே காலத்தில் ஆங்கிலக் குடும்பங்களின் இளைஞர் நியூ இங்கிலாந்துக்கும் கனடாவின் மேற்குச் சமவெளிக்கும் சென்றனர். கிழக்கு டவுன்ஷிப்புகளை ஒருசேர நோக்கினால் 1870-களிலேயே பிரெஞ்சு மொழியினர் பெரும்பான்மை பெற்றுவிட்டனர் என்று வரலாற்றாசிரியர் கணிப்பர். பிரோம் முதலிய சில தொகுதிகளில் மட்டும் ஆங்கிலம் மேலும் நெடுங்காலம் நிலைத்தது.

மக்கள் மாறினும் எல்லைகள் பெரும்பாலும் மாறவில்லை. எல்லைகளைக் காப்பதற்கு எழுந்த சட்டம் அந்த எல்லைகளுக்குள் யார் வாழ்கின்றனர் என்பதைக் கேட்கவில்லை. உடன்பாடு அளிக்கும் உரிமையையும் அது ஆங்கில வாக்காளர்க்கோ ஆங்கில உறுப்பினர்க்கோ கொடுக்கவில்லை. அத்தொகுதிகளின் உறுப்பினர் எவராயினும் அவர்க்கே கொடுத்தது. தொகுதிகள் பிரெஞ்சு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபின் ஆங்கிலச் சிறுபான்மையினரின் பூட்டுக்குரிய திறவுகோல் பெரும்பான்மையினரின் கைக்கு மாறியது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே இது நிகழ்ந்தது.

5.2. இம்மாற்றத்தின் முழுமையை மிசிஸ்குவாய் தொகுதி காட்டுகிறது. 1948 முதல் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் பிரெஞ்சு மொழியினரான ழான்-ழாக் பெர்த்ரான். 1968 முதல் 1970 வரை அவர் மாகாணத்தின் முதலமைச்சர். பிள்ளைகளின் பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றோர்க்கு அளித்து, பிரெஞ்சு மக்களின் கடும் எதிர்ப்பை ஈட்டிய 1969-ஆம் ஆண்டின் 63-ஆம் முன்வடிவு அவருடைய அரசு கொணர்ந்ததே. ரிச்மண்ட் கவுண்டியின் டான்வில் ஊரில் பிறந்த டேனியல் ஜான்சன் மற்றொரு சான்று. தந்தை அயர்லாந்து வழியினர். தாய் பிரெஞ்சு மொழியினர். ஆங்கிலப் பெயர் தாங்கிய அவர் 1966 முதல் 1968 வரை முதலமைச்சராக இருந்து பிரெஞ்சுக் கியூபெக்கின் உரிமைக்குரலாக விளங்கினார். ஊர்ப்பெயரைக் கொண்டோ ஆட்பெயரைக் கொண்டோ மொழியைத் துணிய இயலாத நிலை இப்பகுதியில் உருவாகியிருந்தது.

5.3. மாறாத எல்லைகளுக்கு வேறொரு விளைவும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் மாண்ட்ரியலும் அதன் புறநகர்களும் பெருகப் பெருக, புறநகர்த் தொகுதி ஒன்றின் வாக்காளர் தொகை பிரோம் போன்ற ஊர்ப்புறத் தொகுதியினதைப் போலப் பன்மடங்காயிற்று. இரண்டுக்கும் ஓர் உறுப்பினரே. ஊர்ப்புற வலிமை கொண்ட தேசிய ஒன்றியக் கட்சி இதனால் பயன் பெற்றது. 1944-இல் அக்கட்சி 38 விழுக்காடு வாக்குடன் 48 இடங்களையும் லிபரல் கட்சி 39 விழுக்காடு வாக்குடன் 37 இடங்களையும் பெற்றன. 1966-இல் லிபரல் கட்சிக்கு 47 விழுக்காடு வாக்கும் 50 இடங்களும்; தேசிய ஒன்றியத்துக்கு 41 விழுக்காடு வாக்கும் 56 இடங்களும் கிடைத்தன. இந்த ஏற்றத்தாழ்வு முழுவதற்கும் பன்னிரண்டு தொகுதிகளே காரணம் எனல் பொருந்தாது. பாதுகாப்பில்லாத ஊர்ப்புறத் தொகுதிகளும் பல இருந்தன. எனினும் வரைபடத்தை முழுமையாகத் திருத்த முயன்றபோதெல்லாம் 80-ஆம் பிரிவு குறுக்கே நின்றது. சிறுபான்மையினரைக் காக்கப் பிறந்த விதி, மாண்ட்ரியலில் திரண்டு வாழ்ந்த அதே சிறுபான்மையினரின் வாக்கு மதிப்பைக் குறைக்கும் அமைப்புக்குத் துணைபோனது. சிறுபான்மையினருள் பெரும்பாலோர் நகரவாசிகளாகிவிட்ட காலத்தில் சட்டம் அவர்களை இன்னும் குடியானவர்களாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

6. பெயர்களும் பெயர்ப்புகளும்

6.1. மொழிபெயர்ப்பாளர்க்கு இப்பன்னிரண்டு பெயர்களே ஒரு பாடமாகும். பாண்டியாக் என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர். ஒட்டாவா, மிசிஸ்குவாய், மெகாண்டிக் ஆகியவையும் பழங்குடி மொழிகளிலிருந்து வந்தவை. அர்ழான்தோய் பிரெஞ்சுப் பெயர். ஷெர்புரூக், 1816 முதல் 1818 வரை ஆண்ட பிரித்தானிய ஆளுநரின் பெயர். உல்ஃப், 1759-இல் கியூபெக் நகரை வென்ற போரில் உயிரிழந்த ஆங்கிலப் படைத்தலைவரின் பெயர். அவர் பெயர் தாங்கிய தொகுதியில் பிரெஞ்சு மொழியினர் பெரும்பான்மையினராகித் தம்மவரையே அவைக்கு அனுப்பினர். பெயர் மட்டும் மாறவில்லை. ‘ஆங்கிலத் தொகுதிகள்’ எனப்பட்டவற்றுள் பலவற்றின் பெயர்கள் ஆங்கிலச் சொற்களாக இல்லாமையும் நோக்கத்தக்கது.

6.2. பகுதியின் பொதுப்பெயரும் மூன்று நிலைகளைக் கடந்தது. ‘டவுன்ஷிப்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிரெஞ்சினர் முதலில் கடனாகவே கொண்டு ‘தவுன்ஷிப்’ என்றே வழங்கினர். எழுத்தாளர் அந்த்வான் ழெரேன்-லழ்வா ஏறத்தாழ 1858-இல் ‘காந்தோன் ட லெஸ்த்’ எனப் பெயர்த்தார். காந்தோன் என்பது நிலப்பிரிவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 1946-இல் கத்தோலிக்கக் குரு மோரிஸ் ஓ’பிரெடி, கிழக்கு என்னும் பொருளுடைய ‘எஸ்த்’ என்ற சொல்லிலிருந்து ‘எஸ்த்ரி’ என்னும் புதுச்சொல்லை ஆக்கினார். அதுவே பின்னர் ஆட்சிப் பிரிவின் பெயராயிற்று. கடன்சொல், பெயர்ப்புச் சொல், ஆக்கச் சொல் என்னும் மூன்று நிலைகளும் ஒரே நிலப்பகுதியின்மீது நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் படிந்தன. இவற்றுள் எதுவும் முற்றிலும் அழியவில்லை. பழைய பெயரைச் சிறுபான்மையினரும், பெயர்ப்பைப் பெரும்பான்மையினருள் பலரும், புதுச்சொல்லை அரசும் கையாளுகின்றனர்.

ஊர்ப்பெயர்களில் கலப்பு வேறு வகையில் நிகழ்ந்தது. பிரெஞ்சுக் குடியேறிகள் பங்குக்கோயில் அமைத்து அதன் புனிதர் பெயரை ஊருக்கு இட்டனர். நில அளவையில் பதிந்த டவுன்ஷிப் பெயரையும் விடவில்லை. பிரோம் கவுண்டியின் ‘சேந்த்-எத்தியென்-ட-போல்டன்’, காம்ப்டன் பகுதியின் ‘சேந்த்-இசிதோர்-ட-கிளிஃப்டன்’ போன்ற பெயர்கள் இவ்வாறு பிறந்தன. முற்பகுதி பிரெஞ்சு, பிற்பகுதி ஆங்கிலம், இணைக்கும் இடைச்சொல் பிரெஞ்சு இலக்கணம். குடியேற்றத்தின் அடுக்குகளை இப்பெயர்கள் வரிசை மாறாமல் காட்டுகின்றன.

6.3. 80-ஆம் பிரிவுக்கு மொழிபெயர்ப்புச் சிக்கல் ஒன்றும் உண்டு. இலண்டன் நாடாளுமன்றம் நிறைவேற்றியமையால் 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆங்கில மூலமே அதிகாரமுடையது. வழக்கிலுள்ள பிரெஞ்சு வடிவம் பெயர்ப்பு மட்டுமே. அதற்குச் சட்டத்தகுதி இல்லை. 1982-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, அதிகாரமுடைய பிரெஞ்சு வடிவம் ஒன்றை விரைவில் உருவாக்கவேண்டும் எனக் கட்டளையிட்டது. அதற்கென அமைந்த குழு 1990-இல் தன் பணியை முடித்து வரைவை அளித்தும் அது சட்டமாக நிறைவேற்றப்படவில்லை. சிறுபான்மையினரைப் பாதுகாத்த விதியும், பெரும்பான்மையினரின் அவையை அமைத்த விதியும் ஒருங்கே சிறுபான்மையினரின் மொழியில்தான் சட்டமாக நின்றன.

7. முடிவும் அதன்பின்னும்

7.1. 1970 ஏப்ரல் 29-ஆம் நாள் தேர்தலில் ராபர்ட் பூராஸா தலைமையில் லிபரல் கட்சி வென்றது. கியூபெக் கட்சி 23 விழுக்காடு வாக்கைப் பெற்றும் 108-இல் 7 இடங்களே அதற்குக் கிடைத்தன. வரைபடத்தின் குறை எல்லாத் தரப்புக்கும் வெளிப்படையாயிற்று. அவ்வாண்டிலேயே தேசியப் பேரவை எனப் பெயர் மாறியிருந்த மாகாண அவை, தேர்தல் தொகுதிகள் பற்றிய சட்டம் ஒன்றை இயற்றி, 80-ஆம் பிரிவு இனிச் செல்லாது என அறிவித்தது. மாகாணங்கள் தத்தம் அரசமைப்பைத் தாமே திருத்திக்கொள்ளலாம் என்ற 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆம் பிரிவே அதற்கு அதிகாரம் தந்தது. அதன்பின் 1972-இல் 110 தொகுதிகள் கொண்ட புதிய வரைபடம் உருவாயிற்று. 1973 அக்டோபர் 29 தேர்தலில் அது முதன்முறை பயன்பட்டது. பிரோமும் காம்ப்டனும் ஸ்டான்ஸ்டெட்டும் தனித்தொகுதிகளாக இல்லாது போயின. 1956 முதல் பிரோமின் உறுப்பினராக இருந்த கிளென் பிரவுன் 1973-இல் பிரோம்-மிசிஸ்குவாயின் உறுப்பினரானார். பாண்டியாக், அர்ழான்தோய் முதலிய சில பெயர்கள் சிறப்புரிமையின்றிப் பிற தொகுதிகளைப் போலத் தொடர்ந்தன.

80-ஆம் பிரிவு அச்சிட்ட சட்டநூலிலிருந்து நீங்கவில்லை. அது செல்லாது என்னும் அடிக்குறிப்புடன் பன்னிரண்டு பெயர்களும் இன்றும் அச்சிடப்படுகின்றன.

7.2. மற்ற இரு அடையாளங்களின் கதி வேறு. 1977-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு மொழிச் சாசனம் சட்டங்களின் பிரெஞ்சு வடிவமே அதிகாரமுடையது என விதித்தபோது, அது 133-ஆம் பிரிவுக்கு முரணானது எனக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1979 டிசம்பரில் பிளேக்கி வழக்கில் தீர்ப்பளித்தது. அப்பிரிவு மாகாணம் தானே திருத்தக்கூடிய அரசமைப்பின் பகுதி அன்று என்பது தீர்ப்பின் அடிப்படை. 93-ஆம் பிரிவின் சமயப் பாதுகாப்பு, கியூபெக்கும் கனடா நாடாளுமன்றமும் உடன்பட்டுச் செய்த 1997-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அம்மாகாணத்தைப் பொறுத்தவரை நீங்கியது. 1998-இல் சமயவழிப் பள்ளி வாரியங்களின் இடத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு என்னும் மொழிவழி வாரியங்கள் அமைந்தன. சமயமாக எழுதப்பட்டிருந்தது மொழியே என்பதைக் காலம் வெளிப்படுத்தியது.

2022-இல் கியூபெக் தன் அரசமைப்பைத் திருத்தும் அதே அதிகாரத்தைக் கொண்டு 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாகாணங்கள் பற்றிய பகுதியில் புதிய பிரிவுகளைச் சேர்த்தது. பிரெஞ்சு மட்டுமே கியூபெக்கின் ஆட்சிமொழி என அவற்றுள் ஒன்று கூறுகிறது. சிறுபான்மையினரின் மொழியைப் பெயர் சொல்லாது காக்க முயன்ற 80-ஆம் பிரிவு அமைந்துள்ள அதே பகுதியில், பெரும்பான்மையினரின் மொழி இப்போது வெளிப்படப் பெயர் பெற்றுள்ளது.

8. முடிவுரை

இந்திய அனுபவத்தோடு இதனை ஒப்பிடுதல் பயன்தரும். பிரித்தானிய இந்தியாவில் சிறுபான்மைப் பிரதிநிதித்துவம் பெரிதும் நிலத்தைச் சாராது ஆளைச் சார்ந்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாணப் பேரவையின் 215 இடங்களுள் முஸ்லிம்கள், இந்தியக் கிறித்தவர், ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோர்க்குத் தனித்தனி இடங்கள் வகுக்கப்பட்டன. மொழி அடிப்படையில் இடம் எதுவும் இல்லை. விடுதலைக்குப்பின் 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதும் எல்லைக்குள் அகப்பட்ட மொழிச் சிறுபான்மையினர்க்குத் தொகுதி ஒதுக்கப்படவில்லை. தாய்மொழிவழித் தொடக்கக் கல்விக்கு வசதி செய்தல், மொழிச் சிறுபான்மையினர்க்கெனச் சிறப்பு அலுவலரை அமர்த்துதல் ஆகியவற்றை அரசமைப்பின் 350-அ, 350-ஆ உறுப்புகள் விதித்தன. இவற்றின் நடைமுறைப் பயன் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும் அங்கே சிறுபான்மை மொழியாகவே பெயர் பெறுகிறது.

பன்னிரண்டு தொகுதிகளின் வரலாற்றிலிருந்து பெறப்படுவன இவை. முதலாவது, மொழிச் சமூகத்தை நிலத்தாலோ சமயத்தாலோ மறைமுகமாகக் குறிக்கும் விதி, எழுதப்பட்ட நாளிலேயே சிலரைப் புறத்தே விட்டுச் சிலரைத் தவறாக உள்ளடக்குகிறது. இரண்டாவது, பேசுவோர் நகர்ந்தபின் அவ்விதி தான் காக்கவேண்டியவரைக் காவாது வேறொருவரைக் காக்கத் தொடங்குகிறது. மூன்றாவது, ஒரு பாதுகாப்பின் ஆயுள் அதன் சொற்களை மட்டுமன்றி அதனைத் திருத்தும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. 80-ஆம் பிரிவைப் பெரும்பான்மையினரின் அவையே நீக்க முடிந்தது. 133-ஆம் பிரிவை அவ்வாறு நீக்க இயலவில்லை.

பிரோம் தொகுதி மறைந்தபோது அங்கே ஆங்கிலம் பேசிய குடும்பங்கள் மறைந்துவிடவில்லை. அவர்கள் வாழ்ந்த ஊர்களும் பள்ளிகளும் இருந்தன. மறைந்தது, அவர்களைச் சுற்றி ஒரு நூற்றாண்டுக்கும் முன் இழுக்கப்பட்ட கோடு மட்டுமே. அக்கோடு அவர்களைக் காத்ததைவிட நெடுங்காலம் தன்னையே காத்துக்கொண்டிருந்தது என்பதே இவ்வரலாறு தரும் முடிவாகும்.